கோபுரம் வேணுமா என்று கேட்டார்கள்

கையைத் தூக்கியவர்களில் என் நங்கையும் ஒருத்தி. அதிலும் ஒரு கையை அல்ல, இரண்டு கையையும் தூக்கினாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மங்கலம் ரோட்டை ஒட்டிய எங்கள் வீதியின் மாரியம்மன் கோயில் வாசலில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு தூணுக்கும் நடுவே வெளுக்காத பனியன் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் படம் காட்டினார்கள். புதுத்துணியின் எண்ணெய் வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து வந்தது.

படத்தில் எங்கள் கோயில். ஆனால் எங்கள் தகரக் கூரை இல்லை. அந்த இடத்தில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கோபுரம். நிலைக்கு நிலை பொம்மைகள், பச்சையும் சிவப்புமாக. கிளிகள் பறந்து வந்து கோபுரத்தில் உட்கார்ந்தன. மணிச் சத்தம்கூட அந்தப் படத்துக்குள்ளேயே கேட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் "ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை.

படம் காட்டிய தம்பியின் பெயர் கார்த்தி. எங்கள் வீதிக்குப் பின்னால் இருக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. சின்ன வயசு. வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி வைத்து, காலில் செருப்பில்லாமல் வந்திருந்தான். மைக்கைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஆத்தாளைப் பார்த்து விழுந்து கும்பிட்டான்.

"நம்ம ஊடெல்லாம் மாடி ஆகிப்போச்சுங்க. நம்ம ஆத்தா மட்டும் இன்னும் தகரத்துக்குக் கீழ வேகறா. எங்க மொதலாளி கனவுல ஆத்தா வந்து கேட்டிருக்கறா. செலவு பூராவும் அவுருது. நீங்க ஒண்ணும் தர வேண்டீதில்ல. ஆத்தாளுக்குக் கோபுரம் வேணுங்கறவங்க மட்டும் கையத் தூக்குங்க."

ஆத்தா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவளுக்குக் கோபுரம் வேண்டாம் என்று எவள் கையைக் கீழே வைத்துக்கொண்டு இருப்பாள்? எல்லாக் கையும் மேலே போனது. என் கையும்தான். கோயில் கமிட்டித் தலைவர் நாச்சிமுத்து அண்ணன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஒருத்தர்கூட மறுப்பில்லீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அப்புறம் ஆளுக்கு ஒரு டப்பாவில் நெய் மைசூர்பாகு கொடுத்தார்கள். எங்கள் கோயிலில் கூட்டம் போட்டால் சுண்டல் கொடுப்பதே பெரிது. டப்பாவைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு முதல்முதலாக உறுத்தியது.

பின்னால் இருந்த வானம்

என் நங்கையைப் பற்றி முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம். இவள் பெயர் தெய்வானை. என் அண்ணன் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். நங்கைக்குப் பிள்ளை இல்லை.

கோயிலின் பின்பக்கம் ஒரு கொட்டகை உண்டு. முன்பிருந்த கமிட்டிக்காரர்கள் நங்கைக்கு ஒரு பிழைப்பு வேண்டுமே என்று விட்டுக்கொடுத்த இடம். கம்பெனிக்குப் போகிற பெண்கள் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். மேலே குழாயில் வேஸ்ட் பனியன் துணியில் கட்டிய தூளிகள் வரிசையாகத் தொங்கும். உள்ளே போனால் பால் வாசனையும் மூத்திர வாடையும் ஒன்றாக அடிக்கும். மதுரைப் பக்கத்துக் குழந்தையும் இருக்கும், ஒடிசாக் குழந்தையும் இருக்கும். எல்லாம் நங்கையை "ஆயா" என்றுதான் கூப்பிடும்.

அந்தக் கொட்டகை போனால் நங்கைக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தத் தாய்மார்களுக்கும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளிருந்தால் அவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்?

மைசூர்பாகு டப்பாவோடு வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தப் படத்தை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கோபுரம். கிளி. இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி, அது அப்படியே இருந்தது. வலது பக்கம் விளக்குக் கம்பம், அதுவும் இருந்தது. கோபுரத்துக்குப் பின்னால் நீல வானம்.

எங்கள் கோயிலுக்குப் பின்னால் வானம் கிடையாது. நங்கையின் கொட்டகைதான் இருக்கிறது.

மடிப்புக்குள் பார்க்கிற புத்தி

எனக்கு எதையும் சந்தேகமாகப் பார்க்கிற புத்தி என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். இருக்கலாம். செக்கிங் செக்ஷனில் காலம் தள்ளியவளுக்கு வேறு என்ன புத்தி வரும்?

தைத்து வந்த பனியனை மேஜைமேல் போட்டு, திருப்பி, தையலை இழுத்து, கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சில சமயம் ஷிப்மென்ட் அவசரம் என்பார்கள். அப்போது சின்னக் கறை இருக்கிற பீஸை எடுத்து, கறை உள்ளே போகிற மாதிரி மடித்து, மேலே கண்ணாடிக் கவர் போட்டுவிடுவார்கள். மடித்து வைத்தால் அத்தனை அழகாக இருக்கும். பிரித்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால் யாராவது எனக்கு ஒன்றை அழகாக மடித்துக் கொடுத்தால், பிரித்துப் பார்க்காமல் கை சும்மா இருக்காது.

கல்யாணத்திலும் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அதை இங்கே சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளைக்குச் சொந்தத் தொழில் என்றார் தரகர். எங்கள் அப்பா அந்த வார்த்தையிலேயே மயங்கிவிட்டார். வந்து பார்த்தால் துணி ஓரம் தைக்கிற ஒரே ஒரு ஓவர்லாக் மிஷின். அதிலும் பாதி அவருடைய சிநேகிதனுக்குச் சொந்தம்.

கல்யாணம் முடிந்து தரகரைப் பார்த்தபோது கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல், "சொந்தந்தானே அம்முணி? வாடகைன்னு எங்கயாச்சும் சொன்னனா?" என்றார். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் அப்பாதான் எத்தனை மிஷின் என்று கேட்டிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் தங்கமானவர், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பெயர் பழனிச்சாமி. இப்போது வீட்டின் முன்னறையிலேயே சில மிஷின்கள் ஓடுகின்றன. கம்பெனிகளிலிருந்து வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, தைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை. அந்தச் சமயம் அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது, கோபுரம் கட்டித் தருகிறேன் என்ற அதே கம்பெனிதான்.

அதனால், அன்று சாயங்காலம் எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, கோயலுக்குப் பின்னால அந்தக் கொட்டகைய என்ன பண்றாங்களாம்?"

அவர் மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டே, "எந்தக் கொட்டகை?" என்றார்.

"எந்தக் கொட்டகையா? ஊருக்குள்ள எத்தன கொட்டகை இருக்குது?"

"சாமி காரியம் புள்ள. அதுல போயி நோண்டிக்கிட்டு..."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ரொம்ப நேரம் மென்றார். அப்புறம், "லாரி போறதுக்குப் பின்னால வழி வேணும்னு கம்பெனில பேசிக்கிட்டாங்க. காதுல உழுந்துச்சு. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்" என்றார்.

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

மிஷினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார். எண்ணெய் காலையிலேயே போட்டாயிற்று என்பது எனக்குத் தெரியும்.

படத்தைத் திருப்பிக் காட்டிய தம்பி

மறுநாள் வேலை விட்டு வரும்போது கோயிலில் கார்த்தி டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். நாச்சிமுத்து அண்ணனும் கூட இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு, நேரே அவனிடம் போனேன்.

"கண்ணு, நேத்துக் காட்டுன படம் நல்லாயிருந்துச்சு. பின்னாலிருந்து பாத்தா எப்படி இருக்கும்?"

நாச்சிமுத்து அண்ணன் குறுக்கே விழுந்தார். "பின்னாலிருந்து எதுக்கு சரசு பாக்கோணும்? சாமிய யாராச்சும் பின்னாலிருந்து கும்புடுவாங்களா?"

"பிரகாரம் சுத்தறபோது பின்னாலயும் வருவமல்லங்ண்ணா?"

அவன் மறைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். செல்போனை எடுத்து, அந்தப் படத்தை விரலால் தள்ளினான். கோயில் பொம்மை மாதிரி திரும்பியது. கோபுரம் திரும்பி, கருவறை திரும்பி, பின்பக்கம் வந்தது. அங்கே கறுப்பாக ஒரு ரோடு. எங்கள் வீதியைவிட அகலம்.

"இது என்ன கண்ணு?"

"அப்ரோச் ரோடுங்க்கா."

"யாரு போறதுக்கு?"

"கம்பெனி குடோனுக்குங்க. லாரி சுத்திப்போட்டு வர வேண்டீதில்ல பாருங்க. கமிட்டி எடத்தக் குடுக்குது, மொதலாளி கோபுரம் குடுக்கறாரு."

"இந்தக் கொட்டகை?"

"அது... எடுக்கற மாதிரி வருங்க."

"இத ஏன் கண்ணு நேத்துக் காட்டல?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. கெட்ட பையன் இல்லை என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

"அக்கா, நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்களே. படம்னா எங்கயாச்சும் ஓரம் வந்துதானே ஆகோணும்? எல்லாத்தையும் ஒரு படத்துல எப்படிக் காட்டறது?"

"ஓரம் வரட்டும் கண்ணு. சரியாக் கொட்டகைக்கு முன்னால வந்து நிக்கோணும்னு யாரு முடிவு பண்ணுனா?"

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே அதுதானுங்க. கூட்டத்துல பேசறபோது மொதல்ல என்ன தர்றோம்கறதச் சொல்லோணும். மிச்சம் யாராச்சும் கேட்டாச் சொல்லிக்கலாம்."

நாச்சிமுத்து அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இப்ப என்ன சரசு? ஆத்தாளுக்குக் கோபுரம் வர்றது உனக்குப் புடிக்கலியா?"

பார்த்தீர்களா? நான் கேட்டது கொட்டகையை. அவர் அதை ஒரு நொடியில் ஆத்தாளுக்கு எதிரான பேச்சாகத் திருப்பிவிட்டார். அந்தத் தம்பியாவது படத்தைத்தான் வெட்டினான். இவர் என் வாயையே வெட்டினார்.

குட்டியாகிப்போன கேள்வி

இப்படிக் கேள்வியைக் கட்டுவதை நான் வேலைசெய்த ஒரு கம்பெனியிலும் பார்த்திருக்கிறேன். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், கம்பெனி எப்படி நடக்கிறது என்று ஆடிட் பார்க்க வருவார்கள். அன்றைக்குக் கக்கூஸில் புதுச் சோப்பு இருக்கும், குடிதண்ணீர்க் கேன் நிறைந்திருக்கும். ஒருமுறை ஓர் அம்மா என் மேஜைக்கு வந்து அவர்கள் பாஷையில் நீளமாக ஏதோ கேட்டார்கள். கூட வந்த மேனேஜர் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்: "இங்க சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க."

ஆமாங்க என்றேன். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்கள்.

அத்தனை நீளமான கேள்வி எப்படி இத்தனை குட்டியாக ஆயிற்று என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அந்த அம்மா வேறு எதையோ கேட்டிருக்கிறார்கள். நான் வேறு எதற்கோ ஆமாம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

இது ஞாபகம் வந்ததும் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் அடுத்து ஆத்தாளிடம் கேட்கப்போகிறார்கள்.

ஆத்தாளிடம் கேட்கிற வாய்

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் எதைச் செய்தாலும் பூப்போட்டுக் கேட்காமல் செய்யமாட்டோம். காலையில் அபிஷேகம் முடிந்ததும் பூசாரி ஆத்தாளின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார். மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். ஒருவர் கேள்வியைச் சத்தமாகச் சொல்வார். வலது தோள் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது விழுந்தால் வேண்டாம் என்கிறாள். எதுவுமே விழாவிட்டால் இன்னொரு நாள் கேட்க வேண்டும்.

எனக்கு ஆத்தாள்மேல் சந்தேகம் கிடையாது. என் மகனுக்கு அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தபோது அவள் காலடியில்தான் கிடந்தேன். அவள் விழவைக்கிற பூ பொய்க்காது. என் சந்தேகமெல்லாம் அவளிடம் கேட்கிற வாய்மேல்தான். "உனக்குக் கோபுரம் கட்டட்டுமா?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பெற்ற தாயிடம் சேலை எடுத்துத் தரட்டுமா என்று கேட்கிற மாதிரி. அந்தச் சேலைக்காகப் பேரனின் தூளியைக் கிழிக்கப்போகிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டாமா?

நங்கையிடம் போய்ச் சொன்னேன். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். லாரி, ரோடு, எல்லாம் சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆத்தா எடம் அம்முணி. அவ குடுத்தா, அவளே எடுத்துக்கறா. நான் குறுக்க நிக்கலாமா? பாவமல்ல?"

"ஆத்தாளுக்குன்னா நானும் வாயத் தொறக்கமாட்டனுங் நங்கை. இது லாரிக்கு."

"நான்தான் ரெண்டு கையையும் தூக்கிப்போட்டனே."

"நீங்க எதுக்குத் தூக்குனீங்க?"

"கோபுரத்துக்கு."

"கொட்டகைய எடுக்கறதுக்குத் தூக்கச் சொல்லியிருந்தா?"

தோளில் இருந்த குழந்தை தூங்கிவிட்டது. அதைத் தூளியில் போட்டுவிட்டு, தூளியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ரொம்ப நீளமான கேள்வி

பூக்கேட்கிற வெள்ளிக்கிழமை காலை. கம்பெனி நேரத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று வெள்ளனவே கூடிவிட்டோம். நங்கையும் வந்திருந்தாள். அதனால் கொட்டகை பூட்டியிருந்தது. கார்த்தி ஓரமாக நின்றான்.

பூசாரி ஆறுமுகம் அரளிப் பூவை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். இடது பக்கத்துப் பூவை மட்டும் நன்றாக நனைக்கிறாரோ, வலது பக்கத்துப் பூ சீக்கிரம் விழட்டும் என்று அதைச் சும்மா தொட்டுவைக்கிறாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே மாதிரிதான் நனைத்தார். அந்த மனுஷனைச் சந்தேகப்பட்டதற்கு ஆத்தா என்னை மன்னிக்கட்டும்.

நாச்சிமுத்து அண்ணன் கைகூப்பினார். "ஆத்தா தாயே, உம்பட கோயலுக்குக் கோபுரம் கட்ட..."

"அண்ணா, ஒரு நிமிசமுங்க."

என் குரல்தான். எனக்கே அது யாருடைய குரலோ மாதிரி இருந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கோபமும் இருந்தது.

"முழுசாக் கேளுங்கண்ணா. பின்னால ஆயா கொட்டகைய எடுத்துப்போட்டு, அந்த எடத்தக் கம்பெனி லாரிக்கு வழியா உட்டுட்டு, அதுக்குப் பதுலா முன்னால கோபுரம் கட்டிக்கட்டுமான்னு கேளுங்க."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, சாமிகிட்டப் போயி இத்தன நீளமாவா கேப்பாங்க? ஆத்தாளுக்குத் தூக்கம் வந்துருமுங்க."

நாச்சிமுத்து அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "பொம்பளைக குறுக்க பேசறதெல்லாம் இந்தக் கோயல்ல வழக்கமில்ல."

அப்போது பூசாரி கருவறைக்குள் இருந்தே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "ஆத்தாளும் பொம்பளைதானுங்க. அந்தம்மா சொன்னதையே கேளுங்க. அரை வெவரத்துக்கு நான் பூ வெக்கமாட்டேன்."

அண்ணன் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையையும் கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி விழுங்கி விழுங்கிச் சொன்னார். கொட்டகை என்று அவர் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கமிட்டிக்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தை கோபுரத்தோடு சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.

பூ விழவில்லை.

மின்விசிறி இல்லாமல் வியர்த்து ஊற்றியது. ரோட்டில் கம்பெனி வேன்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கையில் குழந்தையோடு பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பின்னால் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, முன்னால் வந்தார்கள். நங்கையால் பூசையின் நடுவில் எழுந்திருக்க முடியவில்லை. மதுரைப் பக்கத்துச் செல்வி, நின்று கேட்க நேரமில்லாதவள், "ஆயா, இந்தா இருக்கான், பாத்துக்கங்க, வண்டி போயிரும்" என்று மகனை அங்கேயே தூணடியில் உட்கார வைத்துவிட்டு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. தமிழ் தெரியாத ஒரு பெண் ஆத்தாளை ஒரு கும்பிடு போட்டு, பால் புட்டியோடு தன் பெண்குழந்தையை ஜமுக்காளத்தில் கிடத்திவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கோயில் மண்டபம் கொட்டகையாகிவிட்டது. ஒன்று அழுதது. ஒன்று தவழ்ந்துபோய் நாச்சிமுத்து அண்ணனின் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்றது. அவர் அதை உதறவும் முடியாமல், தூக்கவும் முடியாமல் கைகூப்பியபடியே நின்றார்.

கார்த்தியைப் பார்த்தேன். அவன் ஆத்தாளைப் பார்க்கவில்லை. குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நங்கை எழுந்தாள். என்னவோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் போய் அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்.

"கோபுரம் கட்டுங்க மாமா, வேண்டாங்கல. திங்கக்கெழமை காத்தால இதுகள எங்க படுக்க வெக்கறதுன்னு மட்டும் சொல்லிப்போட்டுக் கட்டுங்க."

பூசாரி வெளியே வந்தார். "உத்தரவு ஆகலீங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று தீபாராதனைத் தட்டை நீட்டினார்.

இப்போது

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. அன்று கோயிலில் ஆரம்பித்த பேச்சு வீதி முழுக்க நடந்தது. கை தூக்கியவர்கள் எல்லாம் "அன்னிக்கு இதச் சொல்லவே இல்லியே" என்றார்கள். கமிட்டி இரண்டு முறை கூடிக் கலைந்தது. அப்புறம் அந்த முதலாளி வேறு வீதிக் கோயிலுக்குக் கோபுரம் கட்டிக் கொடுத்தார். அங்கே ஆத்தா முதல் கேள்விக்கே உத்தரவு கொடுத்துவிட்டாளாம். அங்கே என்ன கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் அந்தக் கோயிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

அந்தக் கம்பெனி வேலை எங்களுக்கு நின்றுபோனது. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் சோறு போடும்போது, "கேட்டது செரிதான் புள்ள. கொஞ்சம் சின்னதாக் கேட்டிருக்கலாம்" என்றார். இப்போது வேறு கம்பெனித் துணி தைக்கிறார்.

கார்த்தியை ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நின்று பேசினான். அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறானாம். "அக்கா, இப்பெல்லாம் படம் போடறபோது பின்பக்கத்தையும் வெச்சுக்கறனுங்க" என்றான். எனக்காகச் சொன்னானா, நிஜமாகவே வைக்கிறானா, தெரியாது. நல்லா இரு கண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொட்டகை இருக்கிறது. நங்கையும் இருக்கிறாள்.

ஆத்தா இன்னும் தகரக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறாள். அதுதான் என்னைக் குத்துகிறது. சித்திரை வெயிலில் கருவறை அடுப்பு மாதிரி கொதிக்கிறது. "சரசு வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ஆத்தாளுக்கு இந்நேரம் கோபுரம் வந்திருக்கும்" என்று என் காதில் விழுகிற மாதிரியே சிலர் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

பூசாரி ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மனசுல வெச்சுக்கிட்டு ஏம்மா மருகறீங்க? ஒரு பூ வெச்சுக் கேட்டுருங்களே, செஞ்சது செரியா தப்பான்னு" என்றார்.

கேட்கலாம் என்றுதான் போன வெள்ளிக்கிழமை போனேன். அவர் பூவை நனைத்து வைத்துக்கொண்டு, "ம், சொல்லுங்க" என்றார். நான் ஆத்தாளைப் பார்த்து வாயைத் திறந்தேன். 'ஆத்தா, அந்தப் பச்சைக் குழந்தைகளுக்காக நான் கேட்டது...' என்றுதான் நாக்கில் வந்தது. சட்டென்று நிறுத்திவிட்டேன். இப்படிக் கேட்டால் அவள் தப்பு என்று எப்படிச் சொல்வாள்? மாற்றிப் பார்த்தேன். 'ஆத்தா, உனக்கு வந்த கோபுரத்தை நான் தடுத்தது...' இப்படிக் கேட்டால் சரி என்று எப்படிச் சொல்வாள்? எந்தப் பக்கமாகக் கேட்டாலும் பதிலை நானே கேள்விக்குள் வைத்துக் கொடுக்கிறேன்.

"என்னம்மா, கேக்கலியா?" என்றார் பூசாரி.

"இல்லீங்க. அந்தப் பூவ அவ காலடியில போட்டுருங்க" என்றேன்.

போட்டார். எதுவும் கேட்காமல் கும்பிட்டேன்.